வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பம்: கூடுதலாக எதை இணைப்பது, எதை விடுவது?

தறிச்சத்தம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் சோமனூர் பக்கத்துக் கிராமம். அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அப்பா கூலிக்கு நெசவு செய்கிறார். தறி எங்களுடையது. பாவும் ஊடையும் ஜவுளிக்காரர் கொடுப்பார், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போகப் போவது நான்தான் முதல்.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்கான டிஎன்இஏ எப்படியும் போடுவேன். அதோடு, வசதியில்லாத பிள்ளைகளின் முழுச் செலவையும் ஏற்கும் கல்லூரிகளாகத் தேடி அமெரிக்காவில் எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் இரண்டுக்கும், இங்கே அசோகா பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கிறேன். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்ஏடி தேர்வு எழுதிவிட்டேன். கட்டுரைகளும் ஓரளவு தயார். குழப்பமெல்லாம் கூடுதல் இணைப்பில்தான்.

என்னிடம் இருப்பவை: அபாகஸ் சான்றிதழ்கள், இந்தி பிரச்சார சபாவில் ராஷ்ட்ரபாஷா வரை தேர்ச்சி, மாவட்ட அளவில் சிலம்பத்தில் இரண்டாம் பரிசு, என்எஸ்எஸ் முகாம், ஓவியப் போட்டிச் சான்றிதழ்கள், வள்ளி கும்மி அரங்கேற்ற வீடியோ, நாளிதழில் போட்டோவோடு வந்த ஒரு செய்தி. ஊர்ப் பெரியவர் ஒருவர் அரசியல் பிரமுகரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

அப்புறம் நானே செய்த ஒரு கருவி. தறியின் கிராங்க் ஷாஃப்டில் காந்தம் ஒட்டி, பக்கத்தில் காந்தம் கிட்டே வந்தால் உணரும் ஹால் சென்சார் வைத்து, எத்தனை பிக் (ஊடை நூல் ஒரு முறை குறுக்கே போவது) ஓடியது, தறி எவ்வளவு நேரம் நின்றது என்று எண்ணும். எங்கள் தறிகளில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

கோவையில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம். எல்லாச் சான்றிதழையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொன்னார்கள். பணம் கட்டினால் ஆய்விதழில் என் பெயரில் கட்டுரை வரவைப்பதாகவும், அது இருந்தால்தான் இடம் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். அப்பா கடன் வாங்கியாவது கட்டலாம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பவானி_கூடல்

கண்ணு, கடன் வாங்க வேண்டாம் என்று முதலில் அப்பாவிடம் சொல். மற்றதைப் பிறகு பார்க்கலாம். நான் பவானிக்காரி, அமெரிக்காவில் இளங்கலை படித்துவிட்டு இப்போது இங்கேதான் இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் நம் பக்கத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்துக் கொடுக்கிறேன்.

படிவத்திலேயே எழுத இடம் இருக்கிற எதையும் இணைப்பாக அனுப்ப வேண்டியதில்லை. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்கு 10 இடம் உண்டு, ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்து. பரிசுகளுக்குத் தனியாக 5 இடம். சிலம்பம், இந்தித் தேர்வு, என்எஸ்எஸ் எல்லாம் அங்கேயே அடங்கிவிடும். சான்றிதழின் ஸ்கேனை யாரும் கேட்பதில்லை. நீ எழுதியதை நம்பித்தான் படிக்கிறார்கள், பொய்யென்று தெரிந்தால் கொடுத்த இடத்தையும் எடுத்துவிடுவார்கள். எம்ஐடி காமன் ஆப்பில் கிடையாது, அதற்குத் தனி விண்ணப்பம். அங்கே செயல்பாடுகளுக்கு நாலே நாலு இடம்தான். நிறைய செய்தவரைத் தேடுகிற கல்லூரி நாலு இடம் மட்டும் கொடுக்குமா என்று யோசித்துப் பார்.

வார்த்தையில் எழுதினால் புரியாத ஒன்றைக் கண்ணால் காட்டவோ காதால் கேட்க வைக்கவோதான் இணைப்பு. உன் பட்டியலில் அப்படி இருப்பவை தறிக் கருவியும் வள்ளி கும்மியும் மட்டுமே. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கேட்டுப் பார்: இது இல்லாவிட்டால் என்னைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியாமல் போகும்? பதில் வரவில்லை என்றால் விட்டுவிடு.

பிரமுகரின் கடிதம் வேண்டவே வேண்டாம். உன்னை நேரில் அறியாதவர் எழுதும் கடிதம் எத்தனை பெரிய லெட்டர்பேடில் வந்தாலும், உன்னைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

தாராபுரத்தான்

அம்மணி சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லைங்க. அந்தப் புள்ளை வருஷக்கணக்காகப் பாடுபட்டு வாங்கினதை எதுக்கு மறைக்கணும்? பெரிய நகரத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துப் பேரே சிபாரிசு. நம் கிராமத்துப் பிள்ளைக்குக் கையில் இருப்பது சான்றிதழ் ஒன்றுதான். பார்ப்பவர் பார்க்கட்டும், வேண்டாததைத் தள்ளட்டும்.

டிஎன்இஏ சான்றிதழ் சரிபார்ப்பில் என் மகனுக்கு ஒரே ஒரு தாள் குறைந்ததற்கு நாங்கள் தாலுகா ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்தது எங்களுக்குத்தான் தெரியும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று எதுவுமே குறையக் கூடாது. அதிகமாகக் கொடுத்து யாரும் கெட்டதில்லை.

கோபி_வாத்தியார்

தாராபுரத்து மாப்பிள்ளை சொல்லும் ஆதங்கம் நியாயமானதுதான். அரசுப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சான்றிதழ் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கவுன்சலிங்குக்குப் போகும் பெற்றோர்கள் முகத்தை எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இரண்டு முறைக்கும் அடிப்படையே வேறுங்க. டிஎன்இஏவில் கணக்கு நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஆளுக்கு ஐம்பதாகக் குறைத்து, மொத்தம் 200-க்குக் கட்ஆஃப். அதை வைத்து ரேங்க். அங்கே தாள்கள் தகுதியை நிரூபிக்கத்தான்: நீ இந்த ஒதுக்கீட்டில் வருகிறாயா, இந்தச் சலுகை உனக்கு உண்டா, இவ்வளவுதான் கேள்வி. அதனால் ஒன்று குறைந்தாலும் சிக்கல். அமெரிக்கக் கல்லூரிகளில் ஓர் ஆள் உட்கார்ந்து இந்தப் பெண் யார், எப்படி யோசிக்கிறாள் என்று படிக்கிறார். அபாகஸ் சான்றிதழ்கள் ஒரு கட்டாகப் போனால், தறிக் கருவியைப் படிக்க வேண்டிய நேரம் அதில் போய்விடும். நல்லது கெட்டது பார்த்துத் தள்ளுகிற வேலையை அவர்கள் தலையில் போடாமல் நாமே செய்து அனுப்புவதுதான் நமக்கு லாபம். முதல் பட்டதாரி என்பதற்குக்கூட அங்கே சான்று வேண்டாம், பெற்றோர் படிப்பு பற்றிய கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

இன்னொன்றை யாருமே சொல்லவில்லை. உன் விண்ணப்பத்தில் மிகப் பெரிய ஓட்டை விழக்கூடிய இடம் நீ அனுப்பும் இணைப்பு அல்ல, உன் பள்ளி அனுப்ப வேண்டியவை. ஸ்கூல் ரிப்போர்ட் (உன்னைப் பற்றிப் பள்ளி நிரப்பும் படிவம்), ஸ்கூல் ப்ரொஃபைல் (பள்ளியைப் பற்றிய குறிப்பு) என்று இரண்டு உண்டு. வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய தனியார் பள்ளிகளில் அதற்கென்றே ஒரு ஆலோசகர் இருப்பார். நம் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர்தான் அந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பெரும்பாலும் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர்மேல் தப்பில்லை, அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

ப்ரொஃபைல் என்பது ஒன்றிரண்டு பக்கம்தான். பள்ளி எங்கே இருக்கிறது, எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடத்திட்டம், பிளஸ் டூவில் என்னென்ன குரூப் உண்டு, மதிப்பெண் 600-க்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது, போன வருஷம் படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள். இதில் ஒரு வரி முக்கியம்: பள்ளியில் இல்லாதவை எவை. ரோபோட்டிக்ஸ் கிளப் கிடையாது, ஏபி என்கிற கல்லூரி நிலை அமெரிக்கப் பாடங்கள் கிடையாது என்று பள்ளியே எழுதிவிட்டால், நீ வீட்டுத் தறியில் சென்சார் ஒட்டியது எவ்வளவு பெரிய காரியம் என்று படிப்பவருக்குத் தானாகவே தெரியும். உன் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியர் கடிதம்: எம்ஐடிக்குக் கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவர், மொழி அல்லது சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் என இரண்டு வேண்டும். உன்னை நன்றாக அறிந்தவர் தமிழாசிரியர் என்றால் அவரிடமே வாங்கு. அவர் தமிழில் எழுதட்டும். பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்து, இரண்டையும் சேர்த்துப் பள்ளி வழியாக அனுப்பலாம். நீ மொழிபெயர்க்கக் கூடாது, கடிதத்தைப் பார்க்கவும் கூடாது.

ஆனைமலை_அம்மா

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கணும். என் மகன் நன்றாக வரைவான். டிசைன் படிக்க ஆசை. அவனுக்கும் இதே விதிதானா? எல்லா ஓவியங்களையும் ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன்.

பவானி_கூடல்

> அவனுக்கும் இதே விதிதானா?

இல்லைங்க அக்கா, அது வேறு கணக்கு. தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனமான நிஃப்டில் பி.டெஸ். என்ற டிசைன் பட்டப்படிப்பில் சேர எழுத்து, வரைதல் தேர்வுகளும், அப்புறம் கொடுத்த பொருட்களை வைத்து அங்கேயே ஒன்றைச் செய்து காட்டும் சிச்சுவேஷன் டெஸ்டும் உண்டு. தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியிலும் முதல்நிலைத் தேர்வு, அதில் தேறினால் மெயின்ஸில் நேரில் செய்து காட்டும் தேர்வு. வீட்டில் வரைந்த ஃபைலைவிட, அந்த நேரத்தில் கை எப்படி ஓடுகிறது என்பதுதான் அங்கே கணக்கு. அமெரிக்காவில் ரிஸ்டி மாதிரி ஓவியக் கல்லூரிகளில் போர்ட்ஃபோலியோ கட்டாயம், 12 முதல் 20 படைப்புகள் வரை கேட்கிறார்கள். அங்கே அது கூடுதல் இணைப்பே அல்ல, விண்ணப்பத்தின் உயிரே அதுதான். தனி இழையாகப் போடுங்கள், விவரமாகப் பேசலாம்.

மருதமலை_ஆய்வு

பணம் கட்டி ஆய்விதழில் கட்டுரை என்றதைப் பார்த்து எழுத வந்தேன். நான் கோவையில் வேளாண் ஆராய்ச்சி செய்கிறேன், ஆய்விதழ்களுக்குக் கட்டுரை மதிப்பீடும் செய்கிறேன்.

தங்கச்சி, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதே. ஒழுங்கான ஆய்விதழில் ஒரு கட்டுரை வர மாதக்கணக்கில் ஆகும். துறை தெரிந்தவர்கள் படித்துக் குறை சொல்லி, திருத்தச் சொல்லி, மறுபடி படிப்பார்கள். பணத்தைக் கட்டினால் உடனே வந்துவிடும் என்றால் அதை யாருமே படிக்கவில்லை என்று அர்த்தம். கல்லூரிகளில் சந்தேகம் வந்தால் பேராசிரியரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். முதல் பக்கம் தாண்டுவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப்பின் உன் விண்ணப்பத்தில் இருக்கும் உண்மையான விஷயங்களின் மேலும் சந்தேகம் விழும். நீ எழுதாத ஒன்றில் உன் பெயர் இருப்பது வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும்.

எனக்கு இதில் கோபமே வருகிறது. கூலி நெசவு செய்கிறவரிடம் கடன் வாங்கச் சொல்லி இதை விற்கிறார்கள். உன் தறியில் ஓடும் கருவி எடுத்த அளவுகளே ஆய்வுதானே. தறி எந்த நேரத்தில் அதிகம் நிற்கிறது, ஊடை அறுந்தா, கரண்ட் போயா, பாவு தீர்ந்தா என்று குறித்து வைத்திருந்தால் அதை ஒரு பக்கத்தில் எழுது. அது உன்னுடையது.

பீளமேடு_மோட்டார்

நான் பம்ப்செட்டுக்கு ஸ்டார்ட்டர், கன்ட்ரோலர் செய்யும் தொழிலில் இருக்கிறேன். பிக் கவுண்டர் கடையிலேயே கிடைக்கிறதே, உன்னுடையதில் என்ன புதுசு? குறை சொல்லக் கேட்கவில்லை தங்கம். எம்ஐடிக்காரர்களும் இதைத்தான் கேட்பார்கள்.

தறிச்சத்தம்

கடையில் கிடைப்பது பிக்கை மட்டும் எண்ணும்ங்க அண்ணா, தறி நின்ற நேரத்தைக் குறித்து வைக்காது. விலையும் ஒவ்வொரு தறிக்கும் போட எங்களுக்குக் கட்டாது.

முதலில் இன்ஃப்ராரெட் சென்சார்தான் வைத்தேன். தறிக் கொட்டகையில் பஞ்சுத்தூசி பறந்து சென்சாரின் கண்ணை மூடிவிடும், கொஞ்ச நேரத்தில் எண்ணுவது நின்றுவிடும். தூசியால் மறைக்க முடியாதது எது என்று தேடித்தான் காந்தத்துக்கும் ஹால் சென்சாருக்கும் மாறினேன். அப்புறம் தறி அதிர்வில் ஒரே சுற்றை இரண்டாக எண்ணியது. கிராங்க் ஒரு சுற்றுக்கு ஒரு பிக் என்பதால், நிமிஷத்துக்கு இத்தனை பிக்குக்கு மேல் எங்கள் தறி ஓடவே முடியாது என்று கணக்குப் போட்டு, அந்த இடைவெளிக்குள் வரும் இரண்டாவது துடிப்பை விட்டுவிடுமாறு புரோகிராமை மாற்றினேன். இஞ்சுக்கு 60 பிக் துணி என்றால் மீட்டருக்குச் சுமார் 2,362 பிக். அதை வைத்து மீட்டரும் காட்டும். அப்பா முன்பெல்லாம் பீஸ் அறுத்தபிறகுதான் எவ்வளவு ஓடியது என்று சொல்ல முடியும்.

பீளமேடு_மோட்டார்

இப்போது எழுதினாய் பார், இதுதான் உன் போர்ட்ஃபோலியோ. எம்ஐடியில் மேக்கர் போர்ட்ஃபோலியோ என்றே ஒரு பகுதி உண்டு, ஸ்லைட்ரூம் என்ற தளத்தில் ஏற்ற வேண்டும். விருப்பப்பட்டவர்கள் மட்டும் அனுப்புவது. அனுப்பாமலும் நிறையப் பேர் சேர்கிறார்கள். உனக்குக் காட்ட ஒன்று இருக்கிறது, அதனால் அனுப்பு.

தூசியில் மூடிய முதல் சென்சாரின் போட்டோ இருக்கிறதா? அதை முதலில் வை. மினுமினுப்பான கடைசிப் பெட்டியை மட்டும் காட்டினால் யாரோ செய்து கொடுத்தது போல இருக்கும். நோட்டில் கையால் போட்ட சர்க்யூட், இரட்டையாக எண்ணிய பழைய அளவுகள், மாற்றியபிறகு வந்த அளவுகள், அப்பா அதைப் பார்த்து என்ன முடிவெடுத்தார் என்பது. வீடியோவில் இசை வேண்டாம், தலைப்பு பறந்து வருவது வேண்டாம். தறி ஓடுவதும், எண் மாறுவதும், நீ பேசுவதும் போதும். யார் யார் உதவினார்கள் என்பதையும் எழுது. சால்டரிங் செய்யக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ஒர்க்ஷாப்காரர் என்றால் அப்படியே சொல். மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

சூலூர்_சலங்கை

வள்ளி கும்மியைப் பற்றி யாரும் பேசவில்லையே! நான் பல ஊர்களில் கும்மி கற்றுக்கொடுக்கிறேன். பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளை அரங்கேற்ற வீடியோவை அனுப்பும்போது நம் பிள்ளை கும்மியை அனுப்பினால் என்ன? 2024-இல் வள்ளி ஒயில் கும்மிக்காகக் கோவையைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்கள் மட்டும் ஆடிவந்த இந்த ஆட்டத்துக்குள் பெண்களைக் கூட்டிவந்தவர் அவர். இந்தத் தலைமுறைப் பெண் பிள்ளை ஒருத்தி அதை உலகத்துக்குக் காட்டட்டும். கண்டிப்பாக அனுப்பு கண்ணு.

பவானி_கூடல்

அண்ணா சொல்லும் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அந்த வீடியோவை மனதில் கொண்டுவந்து பாருங்கள். கோயில் திடலில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நிறச் சேலையில் வட்டமாக ஆடுகிறார்கள், எடுத்தது ட்ரோனில். கும்மியின் அழகே அந்தக் கூட்டம்தான். ஆனால் ஆம்ஹெர்ஸ்டில் அதைப் பார்க்கப்போகிற நாட்டிய ஆசிரியருக்கு அதில் நம் பெண் யார் என்றே தெரியாது. கலை இணைப்பு என்றால் அந்தத் துறைப் பேராசிரியர் பார்ப்பார். கல்லூரிக்குப் போயும் ஆட்டத்தைத் தொடரப் போகிற, தனியாக ஆடிக் காட்டக்கூடிய பிள்ளைக்குத்தான் அது பொருந்தும். பரதநாட்டியத்திலும் இதேதான். முழு அரங்கேற்றத்தையும் ஏற்றுகிற வீட்டார் உண்டு, யாரும் உட்கார்ந்து முழுசாகப் பார்க்கப் போவதில்லை.

சூலூர்_சலங்கை

தனியாக எடுத்தால் போச்சு. போனைக் கிடையாகப் பிடித்து, முழு உடம்பும் பாதமும் தெரியுமாறு, அடவு மாறுகிற இடங்களாகப் பார்த்து இரண்டு மூன்று நிமிஷம். கூடவே நாலு வரி: முருகன் வள்ளி கதை, கொங்கு நாட்டு ஆட்டம், பாடுகிற ஆசிரியரின் பாட்டுக்கு ஏற்பக் காலும் கையும் மாறும். தெரியாதவருக்குச் சொல்லித்தானே ஆகணும்.

தறிச்சத்தம்

ஐயா, நான் தனியாக ஆடி மேடை ஏறியதில்லைங்க. எனக்குப் பிடித்தது, எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வராத நாளில் அடவு சொல்லிக் கொடுப்பதுதான். சிலருக்கு இடதும் வலதும் மாறும், அவர்களுக்குக் கையில் ரிப்பன் கட்டிவிட்டுச் சொல்லிக் கொடுப்பேன்.

பவானி_கூடல்

அப்படியென்றால் அது வீடியோ இல்லை, எழுத்து. ஆம்ஹெர்ஸ்ட் துணைக் கட்டுரையில் அந்த ரிப்பனை எழுது. (அங்கே கட்டுரைக்குப் பதிலாக வகுப்பில் எழுதி ஆசிரியர் திருத்திய ஆய்வுத்தாளைக் கொடுக்கும் வாய்ப்பும் உண்டு. நம் ஸ்டேட் போர்டில் அப்படி எழுதும் வழக்கம் இல்லாததால் அதை நினைத்துக் கவலைப்படாதே.)

சூலூர்_சலங்கை

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, வீடியோ போகணும் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் முடிவு உன்னுடையது சாமி. சொல்லிக் கொடுப்பதை விட்டுவிடாதே.

கரூர்_கணக்கு

உதவித்தொகைத் தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. வரவு செலவுக் கணக்குப் பார்ப்பது என் தொழில். அட்மிஷன் ஆபீஸுக்குப் போகிறதும் நிதி உதவி ஆபீஸுக்குப் போகிறதும் வேறு வேறு பாதை. வறுமையைக் காட்டும் தாள் எதையும் போர்ட்ஃபோலியோவில் சேர்க்காதே. அது குடும்ப நிதி நிலையைக் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் படிவத்தோடும், கல்லூரி தனியாகக் கேட்கும் இடத்திலும் மட்டும்.

ஆனால் அந்த இடத்தில் விளக்கம் தாராளமாகவே வேண்டும். இங்கே குறைத்தால்தான் நஷ்டம். அப்பா வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காமல் ரிட்டர்ன் தாக்கல் செய்யாதவர் என்றால், அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். கூடவே தாசில்தார் வருமானச் சான்று, ஜவுளிக்காரர் கூலி கொடுத்ததற்கான கணக்கு, பேங்க் பாஸ்புக் விவரம், எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு. பேங்கில் வரும் தொகை முழுவதும் வருமானம் அல்ல என்பது முக்கியம். ஊடை நூலைத் தார் சுற்றுகிறவருக்குக் கொடுக்கும் கூலி, தறி உதிரிபாகம், ரிப்பேர், எண்ணெய் எல்லாம் அதில்தான் போகிறது. வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, மிஞ்சியது இவ்வளவு என்று ஒரே பக்கத்தில் போடு.

கரண்ட் பில்லையும் விளக்கு. 2023-லிருந்து விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். பில் தொகை குறைவாக இருப்பதைப் பார்த்துத் தறியே ஓடவில்லை போல என்று எங்கேயோ இருப்பவர் நினைத்துவிடக் கூடாது. விசைத்தறிக் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் நடந்த மாதங்கள் இருந்தால் அந்த மாதங்களில் வருமானம் இல்லை என்பதையும் எழுது. இதையெல்லாம் நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

விண்ணப்பக் கட்டணத்துக்கும் தள்ளுபடி கேட்க வழி இருக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்படாதே. கேட்டவர்களுக்கு இடம் குறைவதில்லை.

தாராபுரத்தான்

வாத்தியாருங்க சொன்னதும், கருவியைப் பற்றி அந்தப் புள்ளை எழுதியதும் படித்தேன். சரிங்க, அபாகஸை விட்டுவிடலாம். ஆனால் நாளிதழ்ச் செய்தியையாவது சேர்க்கலாமே? வெளியாள் ஒருவர் எழுதியது, நாமே சொல்லிக்கொண்டது இல்லையே.

கோபி_வாத்தியார்

செய்தி எதைப் பற்றி என்பதைப் பொறுத்ததுங்க. பரிசு வாங்கும் போட்டோ என்றால் பரிசுப் பட்டியலில் ஒரு வரி போதும். தறிக் கருவியைப் பற்றியது என்றால் போர்ட்ஃபோலியோவில் ஒரு படமாக வைத்து, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

தறிச்சத்தம்

பரிசு வாங்கிய போட்டோதானுங்க, விட்டுவிடுகிறேன்.

இப்போதைக்கு நான் முடிவு செய்திருப்பது: எம்ஐடிக்குத் தறிக் கருவி மட்டும் மேக்கர் போர்ட்ஃபோலியோவாக. ஆம்ஹெர்ஸ்டுக்குக் கலை இணைப்பு இல்லை, கும்மி சொல்லிக் கொடுப்பது கட்டுரையில். சிலம்பமும் இந்தியும் பட்டியலில் ஒவ்வொரு வரி. பிரமுகர் கடிதமும் ஆய்விதழும் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மருதமலை அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன், கடன் பேச்சை விட்டுவிட்டார்.

இரண்டு சந்தேகம் இருக்கிறது. காமன் ஆப்பில் கூடுதல் தகவல் என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் என்ன எழுதுவது? வீடியோவில் அப்பாவும் பேசலாமா, அவருக்குத் தமிழ் மட்டும்தான்.

பவானி_கூடல்

அந்தப் பெட்டி இப்போது 300 வார்த்தைதான், முன்பு 650 இருந்தது. இரண்டாவது கட்டுரையாக ஆக்காதே. வேறெங்கும் இடமில்லாத உண்மைகளுக்கு மட்டும். பள்ளி முடிந்து வந்து தார் சுற்றுவது, தறி பார்ப்பது உண்டென்றால் அது செயல்பாட்டுப் பட்டியலிலேயே வர வேண்டும், குடும்பத்துக்காகச் செய்யும் வேலைக்கு அங்கே தனி வகையே இருக்கிறது. நம் பிள்ளைகள் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள், பாதி வாழ்க்கை விண்ணப்பத்தில் வராமலே போகிறது. ஏதாவது ஒரு வருஷம் மதிப்பெண் இறங்கியதற்குக் காரணம் இருந்தால் அதைப் பெட்டியில் ரெண்டு வரியில் சொல். ஒன்றும் இல்லையென்றால் காலியாக விடு.

அப்பா தாராளமாகப் பேசலாம். தமிழிலேயே பேசட்டும், கீழே ஆங்கில வரி ஓடட்டும்.

பீளமேடு_மோட்டார்

பேசும்போது தறியை நிறுத்திவிட்டு எடு தங்கம், இல்லாவிட்டால் ஒரு வார்த்தையும் கேட்காது. தறி ஓடுவதைத் தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள். சர்க்யூட் படத்தை இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.

கோபி_வாத்தியார்

தேதிகளைக் குறித்து வை. ஸ்டான்ஃபோர்டு மாதிரிச் சில இடங்களில் கலைத்தொகுப்பு அனுப்புபவர்களுக்குக் கடைசித் தேதி, மற்றவர்களுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். வேறு கல்லூரியைப் பட்டியலில் சேர்ப்பதானால் முதலில் அந்தக் கல்லூரியின் பக்கத்தில் இணைப்பை ஏற்கிறார்களா என்று பார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பொதுவாகப் பரிந்துரைக் கடிதம்கூடக் கேட்பதில்லை. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான யூகாஸ் படிவம் என்றால், மூன்று கேள்விக்கு மொத்தம் 4,000 எழுத்துக்குள் பதில், இணைப்புக்கு அதில் இடமே இல்லை.

ஸ்கூல் ப்ரொஃபைலுக்கு ஒரு மாதிரி எழுதி இந்த வாரத்துக்குள் இழையில் போடுகிறேன். அரசுப் பள்ளிகளுக்குப் பொருந்துமாறு 600 மதிப்பெண் முறை, குரூப் விவரம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். உன் ஹெச்எம்மிடம் காட்டி, உங்கள் பள்ளி விவரத்தை நிரப்பிக் கொடுக்கச் சொல். அவருக்குத் தயக்கம் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு, நானே பேசுகிறேன்.